டிவைட், ஸ்ப்ளிட், செபரேட், ஷேர்: பிரிப்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மருந்துக் கடை, ரிஜிஸ்டர் ஆபீஸ், காட்பாடி ஸ்டேஷன், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள். வேலூர்ப் பக்கம் ஆங்கிலம் கட்டாயம் தேவைப்படும் இடங்களில் இவை முக்கியமானவை. இங்கெல்லாம் எதையாவது பிரிக்கிற, வெட்டுகிற, பங்கு போடுகிற பேச்சு வந்தே தீரும். 'டிவைட்', 'கட்' என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்து ஒப்பேற்றினால் மாத்திரையின் அளவு மாறும், தோலின் விலை குறையும், கணக்கே தலைகீழாகும்.

அகராதியில் 'பிரி' என்று தேடினால் பத்துச் சொற்கள் வந்து விழும். எதை எடுப்பது என்று தெரியாது. அதனால் முதலில் தமிழ் வினையைச் சரியாகப் பிடியுங்கள். கீறுவது, அரிவது, நறுக்குவது, பிளப்பது, கிழிப்பது, பிய்ப்பது, கழற்றுவது, பங்கு போடுவது என்று நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலமும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் சொல்லை மாற்றுகிறது. 'பிரி' என்று மனசில் வந்தவுடன் நின்று, மூன்று கேள்வி கேளுங்கள். பிரிப்பதற்கு முன் அது ஒரே பொருளா, கலந்து கிடந்த பல பொருளா? பிரித்த பிறகு பாகங்கள் யாருக்காவது போகின்றனவா? எதைக் கொண்டு பிரிக்கிறோம்: கத்தியா, கையா, வெறும் கணக்கா?

ஒரே பொருளைப் பாகங்களாக்கினால் 'டிவைட்'. வெவ்வேறு பொருள் கலந்து கிடந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றை விலக்கினால் 'செபரேட்'. அரிசியில் கல் பொறுக்குவது 'செபரேட் தி ஸ்டோன்ஸ் ஃப்ரம் தி ரைஸ்'. அங்கே 'டிவைட் தி ஸ்டோன்ஸ்' என்றால் கற்களை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுவதாக அர்த்தம் வரும். முட்டையில் வெள்ளை, மஞ்சள் பிரிப்பதும் 'செபரேட்'தான். 'செபரேட்' வந்தால் பின்னால் 'ஃப்ரம்' வரும் என்று இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

'டிவைட்' பின்னால் வரும் குட்டிச் சொற்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். வினைச்சொல் சரியாக இருந்தும், அடுத்து வரும் குட்டிச் சொல் தப்பினால் அர்த்தம் மாறிவிடும்.

எத்தனை பாகம் என்று சொல்ல 'இன்ட்டு': 'டிவைட் தி லேண்ட் இன்ட்டு ஃபோர் ப்ளாட்ஸ்'. கணக்கில் வகுக்க 'பை': 'டிவைட் ட்வெல்வ் பை த்ரீ', விடை 4. ஆட்களுக்குப் பங்கிட 'பிட்வீன்' அல்லது 'அமாங்'. இரண்டு பேர் என்றால் 'பிட்வீன்', கூட்டம் என்றால் 'அமாங்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பது பொதுவாகச் சரி. ஆனால் ஆட்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் மூன்று பேருக்கும் 'பிட்வீன்' வரலாம்: 'டிவைடட் பிட்வீன் செல்வி, மணி அண்ட் ரஹீம்' என்பதில் தப்பே இல்லை.

'பை ஹாஃப்', 'இன் ஹாஃப்' இரண்டையும் கவனியுங்கள். பத்தை 'இன் ஹாஃப்' டிவைட் செய்தால் 5. பத்தை 'பை ஹாஃப்' டிவைட் செய்தால் அது அரையால் வகுப்பது; விடை 20. பேங்க் தேர்வு எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லில் மார்க் விடுகிறார்கள். பாதியாக்கு என்று சொல்லத் தனி வினையே உண்டு: 'ஹாவ்'. எழுதும்போது நடுவில் 'எல்' வரும், சொல்லும்போது வராது. நாலாக்க 'குவார்ட்டர்' என்பதையே வினையாகப் போடலாம். மூன்றாக்க அன்றாடப் பேச்சில் அப்படி ஒரு வினை கிடையாது. 'டிவைட் இன்ட்டு த்ரீ' என்றோ 'இன்ட்டு தேர்ட்ஸ்' என்றோ சொல்ல வேண்டியதுதான்.

இன்னொரு பொறி நம் வகுப்பறையிலேயே இருக்கிறது. இங்கே 'ஃபோர் இன்ட்டு ட்வெல்வ்' என்றால் பெருக்கல், விடை 48. வெளிநாட்டில் வளர்ந்தவர் காதில் அது வகுத்தலாக விழும்: பன்னிரண்டுக்குள் நாலு எத்தனை தடவை போகும், விடை 3. வெளிநாட்டு ஆர்டருக்கு போனில் அளவு சொல்லும்போது பெருக்கலுக்கு 'டைம்ஸ்' அல்லது 'மல்டிப்ளைட் பை' என்று மட்டும் சொல்லுங்கள். நீள அகலத்துக்கு 'பை' போதும்.

கத்தி பிடிக்கும் இடம்

சமையல் சொற்களில் ஆங்கிலம் தமிழைப் போலவே நுணுக்கமானது. வெட்டிய பிறகு துண்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை வைத்துச் சொல் மாறும். பிரியாணிக்கு வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக அரிவது 'ஸ்லைஸ்'. பொரியலுக்குத் தோராயமாக நறுக்குவது 'சாப்'. கேரட்டைச் சின்னச் சின்னச் சதுரமாக, ஒரே அளவில் வெட்டுவது 'டைஸ்'. பொடிப்பொடியாகக் கொத்துவது 'மின்ஸ்', கொத்துக்கறியும் அதுவே. தேங்காய் துருவுவது 'க்ரேட்'. வேகவைத்த கறியை நார்நாராகப் பிய்ப்பது 'ஷ்ரெட்'.

ரெசிப்பி எழுதுகிறவர்களும் வீடியோவுக்கு சப்டைட்டில் போடுகிறவர்களும் அதிகம் குழம்புவது 'ஸ்லிட்', 'ஸ்ப்ளிட்', 'ஸ்லைஸ்' மூன்றில். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயை எண்ணெய்க் குழம்புக்குத் தயார் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பை விட்டுவிட்டு, அடியிலிருந்து மேலே முக்கால் பாகம் வரை குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல். காய் நாலாகப் பிளந்த மாதிரி விரியும், ஆனால் காம்பில் ஒட்டியே நிற்கும். இது 'ஸ்லிட்', அதாவது கீறுவது. மசாலா உள்ளே இறங்க வேண்டும், காய் சிதறக் கூடாது. இதை 'ஸ்ப்ளிட் இன்ட்டு ஃபோர்' என்று எழுதினால் படிக்கிறவர் நாலு தனித் துண்டாக வெட்டிவிடுவார். 'ஸ்லைஸ்' என்று எழுதினால் வில்லை வில்லையாக்கிவிடுவார். எழுத வேண்டியது: 'ஸ்லிட் தி பிரிஞ்ஜால் இன்ட்டு குவார்ட்டர்ஸ், கீப்பிங் தி ஸ்டெம் இன்டாக்ட்'. பச்சை மிளகாய் கீறிப் போடுவதும் 'ஸ்லிட்'தான்.

'ஸ்ப்ளிட்' என்றால் இயற்கையாகவே உள்ள கோட்டில் பிளப்பது. விறகு பிளப்பது 'ஸ்ப்ளிட்', ஏனென்றால் நார் போகிற வாட்டத்தில் அது பிளக்கிறது. பருப்பும் அப்படித்தான்: உடைத்த உளுந்து 'ஸ்ப்ளிட் பிளாக் கிராம்'. நாம் 'உடைத்த' என்கிறோமே என்று 'ப்ரோக்கன்' போட்டால் நொய் மாதிரி நொறுங்கியதாக நினைப்பார்கள். அரிசி நொய்தான் 'ப்ரோக்கன் ரைஸ்'. தேங்காய் உடைப்பது 'ப்ரேக்' அல்லது 'க்ராக் ஓப்பன்'.

பூண்டுப் பல் 'க்ளோவ்', முழுப் பூண்டு 'பல்ப்' அல்லது 'ஹெட்'. ஆங்கில ரெசிப்பியில் 'டூ க்ளோவ்ஸ் ஆஃப் கார்லிக்' என்று பார்த்து இரண்டு முழுப் பூண்டு உரித்துப் போட்டுவிடாதீர்கள். பலாச்சுளை, ஆரஞ்சுச் சுளைக்கு 'செக்மெண்ட்'. மார்க்கெட்டில் கூறு கட்டி விற்பதற்கு நேர்ச் சொல் தேடி அலைய வேண்டாம். 'சோல்ட் இன் ஸ்மால் ஹீப்ஸ்' என்றால் புரியும்.

தோல் தொழிலில் ஒரு சொல்லுக்கு ஒரு விலை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மாட்டுத் தோல், எருமைத் தோல் தடிமனானது. அதைப் படுக்கை வாட்டில் ஓடும் பேண்ட் கத்தி உள்ள மெஷினில் விட்டு, தடிமனை இரண்டு அடுக்காக ஆக்குவது 'ஸ்ப்ளிட்டிங்'. முடி இருந்த பக்கத்து மேல் அடுக்கு 'கிரெயின்'. சதைப் பக்கத்து அடி அடுக்குக்குப் பெயரே 'ஸ்ப்ளிட்'. அந்த அடி அடுக்கு ஸ்வேட் (மேற்பரப்பு பூம்பூவென்று மென்மையாக இருக்கும் தோல்), வேலைக்கான கையுறை போன்றவற்றுக்குப் போகும். விலையும் மேல் அடுக்கைவிடக் குறைவு.

தப்பு நடப்பது இப்படி. மேல் அடுக்குத் தோலை, ஸ்ப்ளிட்டிங் மெஷினில் விட்டு அளவாக்கியிருக்கிறோம் என்பதற்காக, தோல் வாங்கும் பையருக்கு 'வீ ஆர் ஆஃபரிங் ஸ்ப்ளிட் லெதர்' என்று மெயில் போனால் அவர் அடி அடுக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார். விலையும் அதற்குத்தான் கேட்பார். எழுத வேண்டியது 'கிரெயின் லெதர், ஸ்ப்ளிட் அண்ட் ஷேவ்ட் டு 1.2 மில்லிமீட்டர்'. 'ஸ்ப்ளிட்' பெயருக்கு முன்னால் வந்தால் பொருளின் வகை. பின்னால் வினையாக வந்தால் செய்த வேலை.

மற்றச் சொற்களும் அப்படியே கறாரானவை. சதைப் பக்கத்தைச் சீவித் தோல் முழுக்கத் தடிமனை ஒரே சீராக்குவது 'ஷேவிங்'. ஷூ மேல் பாகத் துண்டின் ஓரத்தை மட்டும் மெல்லிசாக்குவது 'ஸ்கைவிங்'. மடித்துத் தைக்கும்போது ஓரம் புடைக்காமல் இருக்க அது வேண்டும். ஓரத்தில் தேவையில்லாததை வெட்டி எடுப்பது 'ட்ரிம்மிங்'. டிசைன்படி மேல் பாகத் துண்டுகளைத் தோலிலிருந்து வெட்டி எடுப்பது 'கிளிக்கிங்'. முதுகெலும்புக் கோட்டில் தோலை இரண்டாக்கினால் ஒவ்வொரு பாதியும் 'சைடு'. இந்த ஐந்துக்கும் 'கட்டிங்' என்று பொதுவாக எழுதினால் எதிர்ப் பக்கம் ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள். 'கட் டு 1.2 மில்லிமீட்டர்' என்று எழுதினால் அகலமா தடிமனா என்ற கேள்வியோடு மெயில் திரும்பி வரும்.

மருந்துச் சீட்டில்

இங்கே தப்பினால் உடம்புக்கு ஆபத்து. சீட்டிலோ மருந்துத் தாளிலோ '1000 மில்லிகிராம் டெய்லி இன் டூ டிவைடட் டோசஸ்' என்று இருந்தால், ஒரு நாளைக்கு மொத்தம் 1000, அதை இரண்டு வேளையாகப் பிரித்து 500, 500 என்று எடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் 1000 என்று படித்தால் இரண்டு மடங்கு உள்ளே போகும். '500 மில்லிகிராம் ட்வைஸ் டெய்லி' என்றால் வேளைக்கு 500. இரண்டிலும் ஒரு நாள் மொத்தம் ஒன்றுதான், சொல்லும் விதம்தான் வேறு. சந்தேகம் வந்தால் பார்மசிஸ்டிடம் 'ஹவ் மச் அட் ஒன் டைம்?' என்று கேளுங்கள், போதும்.

"அண்ணா, இந்த மாத்திரையைப் பாதியா உடைக்கலாமா?" என்பதற்கு 'கேன் ஐ ஸ்ப்ளிட் திஸ் டேப்லெட்?' மாத்திரை நடுவில் உள்ள கோடு 'ஸ்கோர் லைன்'. பெயரோடு 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்' என்று இருப்பவை மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. உடைத்தால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடக்கூடும். 'டு நாட் ஸ்ப்ளிட், க்ரஷ் ஆர் ச்யூ' என்று தாளில் எழுதியிருப்பது அதற்காகத்தான். டாக்டர் சொல்லாமல் அவற்றில் கை வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழ்ப் 'பிரி' இன்னொரு வகையிலும் ஏமாற்றும். 'தையல் பிரிக்கணும்' என்றால் 'ரிமூவ் தி ஸ்டிச்சஸ்'. 'தையல் பிரிஞ்சிடுச்சு' என்றால் அவசரம். 'தி ஸ்டிச்சஸ் ஹாவ் கம் அப்பார்ட்' என்று நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டியது. 'கட்டுப் பிரிப்பது' என்றால் 'டேக் ஆஃப் தி பேண்டேஜ்'. இவற்றில் எங்கேயும் 'டிவைட்' வராது. பார்சல் பிரிப்பது 'ஓப்பன்', கூரை பிரிப்பது 'டேக் டவுன்', பைக் இன்ஜினைப் பிரிப்பது 'டிஸ்மாண்டில்' அல்லது 'டேக் அப்பார்ட்', தலைக்கு வகிடு எடுப்பது 'பார்ட்'. உயிர் பிரிந்தது என்பதற்கு 'பாஸ்ட் அவே'.

நிலம், பத்திரம்

அண்ணன் தம்பிகள் சேர்ந்து வைத்திருக்கும் சொத்தைப் பிரித்துக்கொள்வது 'பார்ட்டிஷன்'. பாகப்பிரிவினைப் பத்திரம் 'பார்ட்டிஷன் டீட்'. தன் பங்கு வேண்டாம் என்று கூட்டாளிக்கே விட்டுக்கொடுத்தால் அது 'ரிலீஸ் டீட்', விடுதலைப் பத்திரம். இந்த இரண்டும் பேச்சில் கலந்துவிடுகிறது. கையெழுத்துப் போடுமுன் தலைப்பைப் படியுங்கள்.

சர்வே நம்பர் உடைந்து 45/2 என்பது 45/2ஏ, 45/2பி ஆவது 'சப்-டிவிஷன்', நம் ஊர்ப் பேச்சில் உட்பிரிவு. அதே 'சப்-டிவிஷன்' போலீஸிலும் மின்வாரியத்திலும் நிர்வாக எல்லையைக் குறிக்கும். 'ரெவென்யூ டிவிஷன்' என்பது கோட்டம். அடுக்குமாடி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது 'அன்டிவைடட் ஷேர்'. கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்குள்ள, அளந்து தனியே பிரிக்கப்படாத பங்கு அது.

'ஷேர்', 'டிவைட்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'ஷேர்' என்றால் பங்கு போடுகிறவருக்கும் அதில் இடம் உண்டு. ஆற்காடு மக்கன் பேடா டப்பாவைத் திறந்து 'ஐ ஷேர்ட் இட் வித் மை ஃப்ரெண்ட்ஸ்' என்றால் நீங்களும் தின்றீர்கள். 'டிஸ்ட்ரிபியூட்' என்றால் எடுத்துக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். ஹோட்டல் பில்லை ஆளுக்குச் சமமாகக் கட்ட 'லெட்ஸ் ஸ்ப்ளிட் தி பில்'. மூன்று பேர் என்றால் 'ஸ்ப்ளிட் இட் த்ரீ வேஸ்'. 'டிவைட் வித் மீ' என்று ஆங்கிலத்தில் பேச்சில்லை, 'ஷேர் வித் மீ' என்பதே வழக்கு.

மாவட்டம், ஆறு, ரயில்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நம் மாவட்டமே நல்ல பாடம். 1989-இல் வட ஆற்காடு இரண்டானது. ஒரு பாதி திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டது. அது 'பைஃபர்கேஷன்'. 2019 நவம்பர் 28-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்து, ஒன்று மூன்றானது. அது 'ட்ரைஃபர்கேஷன்'. 'பை' என்றால் இரண்டு. 'பைஃபர்கேட்டட் இன்ட்டு த்ரீ' என்று எழுதினால் வாக்கியம் தனக்குத்தானே முரண்படும். மாவட்டத்துக்கு இந்தச் சொல்லைப் போடுவது பெரும்பாலும் இந்தியப் பத்திரிகை நடை. வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'வாஸ் ஸ்ப்ளிட் இன்ட்டு த்ரீ' என்பதே தெளிவு. புதிதாகப் பிறந்த மாவட்டத்தை எழுவாயாக வைத்தால் 'கார்வ்ட் அவுட் ஆஃப்': 'திருப்பத்தூர் வாஸ் கார்வ்ட் அவுட் ஆஃப் வேலூர்'.

'பைசெக்ட்' வேறு: ஜியோமெட்ரியில் சரிசமமாக இரண்டாக்குவது. 'டிஸ்செக்ட்' என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அறுத்துப் பிரிப்பது. அதில் இரண்டு 'எஸ்', 'பைசெக்ட்'டில் ஒன்றுதான்.

பொன்னையாறு பாலாற்றில் வந்து சேர்கிறது, ஆகவே அது 'ட்ரிபியூட்டரி', துணையாறு. பெரிய ஆற்றிலிருந்தோ கால்வாயிலிருந்தோ பிரிந்து போவது 'டிஸ்ட்ரிபியூட்டரி'. முன்னால் ஒட்டியிருக்கும் 'டிஸ்' பிரிந்து போவதைக் காட்டுகிறது என்று பிடித்துக்கொண்டால் தேர்வில் மாறாது. பாலாற்று அணைக்கட்டில் தண்ணீரைக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் திருப்புவது 'டைவர்ட்'. 'டிவைட்' என்று எழுதினால் தண்ணீரைப் பங்கு போட்டதாகும், திசை மாற்றியது வராது.

ஜோலார்பேட்டையில் சென்னைத் தடம் பெங்களூருக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று என்று பிரிகிறது. இரண்டும் பெரிய தடம், ஆகவே 'தி லைன் ஃபோர்க்ஸ்' அல்லது 'ஸ்ப்ளிட்ஸ் அட் ஜோலார்பேட்டை'. காட்பாடியில் முக்கியத் தடம் நேரே போக, திருப்பதிப் பக்கமும் விழுப்புரம் பக்கமும் கிளை பிரிகிறது; அங்கே 'ப்ராஞ்சஸ் ஆஃப்'. வழி சொல்லும்போது இந்த 'ஆஃப்' விட்டுப்போகக் கூடாது.

கையால் பிய்ப்பதும் தானாக உடைவதும்

காகிதம், துணி கிழிவது 'டேர்'. கண்ணாடி விரிசல் விட்டால் 'க்ராக்', சுக்குநூறானால் 'ஷாட்டர்'. குச்சி படக்கென்று முறிந்தால் 'ஸ்நாப்'. ரொட்டி உதிர்ந்தால் 'க்ரம்பிள்'. 'ப்ரேக்' பின்னால் வருவதைப் பாருங்கள்: ஒரு துண்டு விள்ளுவது 'ப்ரேக் ஆஃப்', கட்டியை உதிர்ப்பது 'ப்ரேக் அப்', செலவுக் கணக்கை இனம் இனமாகப் பிரித்துக் காட்டுவது 'ப்ரேக் டவுன்'. பஸ் நடுவழியில் நின்றாலும் 'ப்ரேக் டவுன்'தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

இறந்தகாலத்தில் 'கட்', 'ஸ்ப்ளிட்', 'ஸ்லிட்' மூன்றும் மாறாது. 'கட்டட்', 'ஸ்ப்ளிட்டட்' என்று சொல்லவே கூடாது. 'டேர்' மட்டும் 'டோர்', 'டோர்ன்' என்று போகும். 'ப்ரேக்' என்பது 'ப்ரோக்', 'ப்ரோக்கன்'. 'செபரேட்' எழுதும்போது 'பி' எழுத்துக்கு அடுத்து வருவது 'ஏ'. அங்கே 'ஈ' போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் எழுத்துப்பிழை. சொல்லும்போது வினைக்குக் கடைசியில் 'ரேட்' என்று இழுக்க வேண்டும். 'தனியான' என்ற அர்த்தத்தில் 'செப்ரட்' என்று குறுகிவிடும்.

'போர்ஷன்' பற்றி

சாப்பாட்டில் 'போர்ஷன்' என்றால் ஒருவர் சாப்பிடும் அளவு; அது எல்லா நாட்டிலும் செல்லும். வாடகைக்கு விடும் 'மாடிப் போர்ஷன்' நம் நாட்டு வழக்கு. வெளிநாட்டவருக்கு 'தி அப்பர் ஃப்ளோர் ஆஃப் எ ஹவுஸ்' என்று விளக்குங்கள். பரீட்சைக்கு 'போர்ஷன் முடிஞ்சிடுச்சா?' என்று கேட்பதும் நம் பள்ளிகளின் பேச்சு. வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதும் கடிதத்திலும் இன்டர்வியூவிலும் 'சிலபஸ்' என்றே சொல்லுங்கள்: 'வீ ஹாவ் கவர்ட் தி சிலபஸ்'.